அட்டப்பாடி நிலத்துக்கு அமெரிக்காவிலிருந்து கையெழுத்து: உதவியா, உபத்திரவமா?

1. டாலஸ்_ஆனைகட்டி

எல்லோருக்கும் வணக்கம். பிறந்தது பாலக்காடு ஜில்லா அட்டப்பாடி மலையில் கோட்டத்தரை, படித்தது ஆனைகட்டியிலும் கோவையிலும், பதினாறு வருஷமாக அமெரிக்கா. இங்கே கொங்குப் பக்கத்துத் தமிழர்களும் பாலக்காட்டு மலையாளிகளுமாக நாற்பது பேர் ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறோம். ஆரம்பித்தது ஓணம் பொங்கல் கொண்டாட. போன மாதம் ஒருவர் அனுப்பிய வீடியோவில், அட்டப்பாடியில் ஒரு பாட்டி தன் சாமைக் காட்டில் நின்றுகொண்டு ஜேசிபியை மறிக்கிறார். அதைப் பார்த்ததிலிருந்து குழுவில் வேறு பேச்சே இல்லை.

கேரள முதல்வருக்கு ஆன்லைனில் கையெழுத்து மனு, கூடவே கொஞ்சம் நிதி. இதுதான் திட்டம். கோரிக்கை இரண்டு: ஆதிவாசிகளிடமிருந்து போன நிலம் அத்தனையும் திரும்ப வேண்டும், போலிப் பத்திரத்துக்குத் துணைபோன அதிகாரிகள் மேல் நடவடிக்கை வேண்டும். 2011 மார்ச்சில் சான் டியேகோவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு ஊழலை எதிர்த்து 240 மைல் நடந்தார்களே, அதில் கடைசி இரண்டு நாள் நானும் நடந்தவன். சும்மா லைக் போடுகிற ஆள் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். மனுவை எப்படி எழுதலாம்? உள்ளூர் விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

2. கோட்டத்தரைக்காரி

தம்பி, நல்ல மனசுதான். ஆனால் கேட்கிறேன் என்று கோபப்படாதே. 2013இல் இங்கே கைக்குழந்தைகள் வரிசையாகச் செத்தபோது கேமராவோடு வராத ஆள் இல்லை. 2018 பிப்ரவரியில் முக்காலி ஊரில் மது என்கிற ஆதிவாசி இளைஞனை அடித்தே கொன்றபோதும் உலகம் முழுக்கக் கையெழுத்து வாங்கினார்கள். அந்தக் கேஸில் தீர்ப்பு வந்தது 2023 ஏப்ரலில். நடுவில் சாட்சிகள் ஒவ்வொருத்தராகப் பிறழ்ந்தார்கள். கையெழுத்துப் போட்டவர்களில் எத்தனை பேர் அந்த ஐந்து வருஷமும் கேஸ் கட்டைப் பார்த்தார்கள்? மதுவின் அம்மாவும் தங்கையும்தான் கடைசிவரை கோர்ட் வாசலில் நின்றார்கள்.

அப்புறம், "போன நிலம் அத்தனையும்" என்று எழுதியிருக்கிறாய். அதில் உன் தாத்தா தோட்டமும் வருமா என்று யோசித்தாயா?

3. பவானிக்கரை

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? திருவிதாங்கூரிலிருந்து வந்த மலையாளிகள்தான் மொத்தமாகச் சுருட்டினார்கள். தமிழர்களை ஏன் இழுக்கிறீர்கள்? 1956 நவம்பர் வரைக்கும் மலபார் ஜில்லா மதராஸ் மாநிலத்தில்தானே இருந்தது!

4. கோட்டத்தரைக்காரி

இருந்தது. அதற்கு? நம்ம கவுண்டர் தோட்டங்கள் ஆகாயத்திலிருந்தா இறங்கின? 1951 கணக்கெடுப்பில் அட்டப்பாடியில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஆதிவாசிகள். இப்போது பாதிகூட இல்லை. ஆனைகட்டி வழியாக ஏறி வந்தவனும் மன்னார்க்காட்டுச் சுரம் ஏறி வந்தவனும் சேர்ந்துதான் இந்த வேலையைச் செய்தார்கள். நானும் ஏறி வந்தவர் வீட்டுப் பெண்தான்.

5. மட்டுறுத்துநர்

தமிழன் மலையாளி சண்டைக்குத் தனி இழை இருக்கிறது. மூன்று பதிவுகளை அங்கே மாற்றிவிட்டேன்.

6. மன்னார்க்காடு_மேடு

முப்பது வருஷமாக ஒரு வக்கீல் ஆபீசில் குமாஸ்தா. மனு எழுதுவதற்கு முன்னால் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆதிவாசி நிலத்தை மற்றவர்கள் வாங்கக் கூடாது, வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும் என்று கேரள சட்டசபை 1975இல் ஒருமனதாகச் சட்டம் போட்டது. போட்டதோடு சரி. விதிகள் வந்தது 1986இல். சட்டமும் இருக்கிறது, விதியும் இருக்கிறது, நிலம் மட்டும் வரவில்லை என்று ஒரு டாக்டர் ஹைகோர்ட்டுக்குப் போனார். 1993இல் அமல்படுத்தச் சொல்லி உத்தரவானது. அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. கட்சி பேதமில்லாமல் எல்லோரும் சேர்ந்து 1996இல் அந்தச் சட்டத்தையே திருத்தப் பார்த்தார்கள். சபையில் எதிர்த்துப் பேசிய ஒரே ஆள் மூத்த எம்.எல்.ஏ. கௌரி அம்மா. ஜனாதிபதி ஒப்புதல் தரவில்லை. உடனே "விவசாய நிலம் மாநிலத்துக்கு உட்பட்ட விஷயம்" என்று சுற்றுவழி பிடித்து 1999இல் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். 2009இல் சுப்ரீம் கோர்ட்டும் அதைச் செல்லும் என்று சொல்லிவிட்டது.

இப்போது நடைமுறையில் இருக்கிற கணக்கு இது. 1960 ஜனவரி 1 முதல் 1986 ஜனவரி 24 வரை கைமாறிய விவசாய நிலம் இரண்டு ஹெக்டேருக்குள் இருந்தால், அதாவது ஏறக்குறைய ஐந்து ஏக்கருக்குள் இருந்தால், வாங்கியவரிடமே இருக்கும். இழந்தவருக்கு அரசாங்கம் வேறு இடத்தில் நிலம் கொடுக்க வேண்டும். இரண்டு ஹெக்டேருக்கு மேலே இருக்கிற பகுதிதான் திரும்பும். 1986 ஜனவரி 24க்குப் பிறகு அரசு முன் அனுமதி இல்லாமல் ஆதிவாசி அல்லாதவருக்கு நடந்த கைமாற்றம் எதுவும் செல்லாது.

ஆக "அத்தனை நிலமும்" என்று மனு போட்டால் பதில் இரண்டு வரியில் வந்துவிடும்: 1999 சட்டப்படி பரிசீலிக்கப்படும். அவ்வளவுதான், கோப்பு மூடியாச்சு.

ஊழல் எங்கே நுழைகிறது என்று கேட்டால், அந்த ஒரு தேதியில்தான் நுழைகிறது. 1986க்குப் பிறகு வாங்கிய நிலத்துக்கு 1986க்கு முந்தின தேதி போட்டு எழுதி வைப்பார்கள். அப்படி நிறையப் பார்த்திருக்கிறேன். பத்திரத்தின் முன்பக்கத்தை எல்லோரும் படிப்பார்கள். நான் பின்பக்கத்தைத் திருப்புவேன். ஸ்டாம்ப் வெண்டர் விற்ற தேதி, வரிசை எண், வாங்கியவர் பெயர் அங்கேதான் இருக்கும்.

7. தோஹா_டீக்கடை

சூப்பர் விளக்கம் சார். என் பங்குக்கு ஒன்று. இங்கே தோஹாவில் வெள்ளிக்கிழமை சாயந்தரம் டீ குடிக்க உட்கார்ந்தால் அட்டப்பாடியில் "ரெண்டு ஏக்கர் வ்யூ பாயிண்ட்" விற்பனைக்கு என்று குறைந்தது இரண்டு பேர் சொல்வார்கள். வாங்குவதும் வெளிநாட்டில் இருக்கிற நம்ம ஆட்கள்தான். என்.ஆர்.ஐ.யோ, வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கி ஓ.சி.ஐ. அட்டை வைத்திருக்கிறவரோ விவசாய நிலம், தோட்ட நிலம், பண்ணை வீடு வாங்க ஃபெமா என்கிற அந்நியச் செலாவணிச் சட்டம் விடாது. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். அதனால் மச்சான் பெயரில் வாங்குவார்கள், மாமனார் பெயரில் முக்தியார் (பவர் பத்திரம்) எழுதுவார்கள். அதே ஆள் மறுநாள் "ஆதிவாசி நிலத்தைக் காப்போம்" என்று ஸ்டேட்டஸ் வைப்பான். டாலஸ் அண்ணா, உங்கள் நாற்பது பேரில் இப்படி எத்தனை பேர் என்று முதலில் எண்ணுங்கள்.

8. டாலஸ்_ஆனைகட்டி

கொஞ்சம் வலிக்கிறது, ஆனாலும் சரி.

ஆனால் வெளியிலிருந்து குரல் கொடுத்தால் பயனே இல்லை என்கிற மாதிரிப் பேசுவதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒடிசாவில் நியம்கிரி மலையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வாழ்கிற டோங்ரியா கோந்த் ஆதிவாசிகளுக்காக லண்டனில் வேதாந்தா சுரங்கக் கம்பெனியின் வருடாந்திரக் கூட்டத்து வாசலில் வருஷா வருஷம் நின்றவர்களில் புலம்பெயர்ந்த இந்தியர்களும் உண்டு. 2010 பிப்ரவரியில் இங்கிலாந்துத் திருச்சபை தன் பங்கை விற்றுவிட்டு வெளியேறியது. 2013இல் சுப்ரீம் கோர்ட் கிராம சபைகளைக் கேட்கச் சொன்னது, பன்னிரண்டு சபையும் சுரங்கம் வேண்டாம் என்றன. இது வெளிக்குரலுக்குக் கிடைத்த வெற்றி இல்லையா?

9. குப்பத்தான்

பாதி வெற்றி. வேண்டாம் என்று சொன்னது மலையில் இருந்த பன்னிரண்டு ஊர்.

நான் குப்பம். ஆந்திரா, தமிழ்நாடு, கர்நாடகா மூன்றும் முட்டிக்கொள்கிற மூலை. எங்கள் மாநிலத்து வடக்கே விசாகப்பட்டினம் ஏஜென்சி என்கிற மலைப்பகுதியில், ஆதிவாசிப் பகுதிகளுக்குத் தனிப் பாதுகாப்பு தருகிற அரசியல் சாசனத்தின் ஐந்தாம் அட்டவணை இருக்கிறது. அங்கே 1970 ஒழுங்குமுறைப்படி ஆதிவாசி அல்லாத ஒருவர் இன்னொரு ஆதிவாசி அல்லாதவருக்குக்கூட நிலத்தை விற்க முடியாது. சுப்ரீம் கோர்ட்டின் 1997 சமதா தீர்ப்பில் தனியார் சுரங்கக் குத்தகைகளே அடிபட்டன. நியம்கிரியும் ஐந்தாம் அட்டவணைப் பகுதிதான். கேரளாவிலும் தமிழ்நாட்டிலும் அந்த அட்டவணையில் ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது. அதனால் அந்தப் பகுதிக் கிராம சபைகளுக்கு அதிகாரம் தருகிற 1996 பெசா சட்டமும் அட்டப்பாடிக்கு இல்லை. எங்கள் சித்தூர்ப் பக்கமும் இல்லை. இங்கே யானாதி ஆதிவாசிகளுக்கு அரசாங்கம் கொடுத்த டி.கே.டி. பட்டா நிலத்தை விற்கக் கூடாது என்று 1977லேயே சட்டம் வந்தாச்சு. வெள்ளைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு மாந்தோப்பு போட்டவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்று. லண்டன்காரர்களுக்கு எதிராளி லண்டனிலேயே இருந்தான். பங்குதாரர் யார், கூட்டம் என்றைக்கு, எல்லாம் தெரியும். அட்டப்பாடியில் எதிராளி யார்? பக்கத்துத் தோட்டத்துக்காரர், ஊர்த் திருவிழாவுக்கு நன்கொடை கொடுப்பவர். டாலஸில் பதாகை பிடித்தால் அவருக்கு ஒரு மயிரும் உதிராது, மன்னிக்கவும்.

10. மல்லீஸ்வரன்மலை

மூன்று நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். எங்களைப் பற்றிய பேச்சு என்பதால் எழுதுகிறேன். நான் இருளர். வீட்டில் பேசுவது எங்கள் பாஷை, பள்ளியில் மலையாளம், கோயம்புத்தூரில் வேலைக்குப் போனதில் தமிழ். எழுத்தில் தப்பு இருந்தால் விட்டுவிடுங்கள்.

நிலம் எப்படிப் போனது என்று எல்லோரும் "போலிப் பத்திரம்" என்றே சொல்கிறீர்கள். பத்திரம் கடைசியில்தான் வரும். எங்கள் தாத்தா காலத்தில் கொத்துக்காடு. இந்த வருஷம் இங்கே சாமை, ராகி, துவரை விதைப்போம். மண் அசந்தால் அந்த இடத்தை ஆறப்போட்டுவிட்டு வேறு இடம். எங்கே விதைப்பது என்று மண்ணுக்காரன் சொல்வார். ஊர்க் காரியத்துக்கு மூப்பன் இருப்பார். ஆறப்போட்ட காட்டைத்தான் வெளியாள் "சும்மா கிடக்கிறது" என்று பார்த்தான். மூட்டை அரிசி, வேட்டி, புகையிலை, ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கொஞ்சம் பணம். "காட்டை ரெண்டு வருஷம் நான் பார்த்துக்கிறேன்" என்பான். பாட்டம், அதாவது குத்தகை, என்று கைநாட்டு வாங்குவான். பிறகு வேலி. பிறகு வாழை. பிறகு கிணறு. வில்லேஜ் ஆபீசில் நிகுதி (நிலவரி) கட்டி ரசீது வாங்குவான். பதினைந்து வருஷ ரசீதை அடுக்கிக் காட்டினால் அவன்தான் சொந்தக்காரன். எங்கள் கையில் என்ன இருக்கும்? தாத்தாவைப் புதைத்த இடம் இருக்கும். சர்வே நம்பர் இருக்காது.

எங்கள் குடும்பத்துக்கும் ஒரு டி.எல்.ஏ. கேஸ், அதாவது ஆதிவாசி நிலத்தைத் திரும்பக் கேட்கிற கேஸ், நடக்கிறது. எந்த ஆபீஸ் என்று இங்கே போட மாட்டேன், அடுத்த வாய்தா வரப்போகிறது. விடியும் முன்னால் கிளம்பிச் சுரம் இறங்கிப் போக வேண்டும். அப்பா, நான், சாட்சிக்கு மூப்பன். மூன்று பேருக்கு பஸ், சாப்பாடு, மூன்று கூலி. போனால் "இன்று இல்லை, தள்ளிவைத்தாச்சு" என்பார்கள். ஐந்து தடவை. ஆறாவது தடவை நாங்கள் போகவில்லை. அன்றைக்குத்தான் கூப்பிட்டார்கள், ஆஜராகவில்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

பாட்டுக்குத் தேசிய விருது வாங்கிய நஞ்சியம்மா குடும்பத்துக்கே நிலத் தகராறு என்று பேப்பரில் வந்ததே. பெயர் உள்ளவர்களுக்கே அப்படி என்றால் எங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு லட்சம் கையெழுத்து வேண்டாம். வாய்தா தள்ளிப்போயிருக்கிறதா என்று முந்தின நாளே போன் போட்டுச் சொல்ல ஒரு ஆள் இருந்தால் போதும்.

11. கோட்டத்தரைக்காரி

கண்ணு, நீ எழுதினதில் ஒரு தப்பும் இல்லை.

12. வரவு_செலவு

கோவையில் ஆடிட்டர் ஆபீஸ் வேலை. நிதி என்று முதல் பதிவில் பார்த்ததும் பகீர் என்றது. யாரும் இதுவரை தொடவில்லை, அதனால் சொல்கிறேன்.

டாலஸ் சார், உங்கள் குழுவில் யாரிடம் இந்தியப் பாஸ்போர்ட், யாரிடம் அமெரிக்கப் பாஸ்போர்ட் என்று பிரியுங்கள். இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் சம்பாதித்த சொந்தப் பணத்தை வங்கி வழியாக அனுப்பினால் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தில் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடிமகன் கொடுத்தால், ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடைதான். வாங்கும் அமைப்புக்குப் பதிவு வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லியில் ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்ச் கணக்கில்தான் விழ வேண்டும். ஓர் அமைப்பு வாங்கியதை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கவும் முடியாது. நாற்பது பேர் காசையும் ஒரே பையில் போட்டு ஊரில் ஒருவர் கணக்குக்கு அனுப்பினால், மாட்டப்போவது நீங்கள் இல்லை, அந்த ஊர்க்காரர்தான். "வெளிநாட்டுப் பணம் வாங்கிப் போராடுகிறான்" என்ற ஒரு வரி போதும், அவர் கேஸ் அத்தோடு பாழ்.

13. டாலஸ்_ஆனைகட்டி

இது சுத்தமாகத் தெரியாது. எங்கள் குழுவில் பாதிக்கு மேல் அமெரிக்கப் பாஸ்போர்ட். நல்லவேளை கேட்டேன். பணம் திரட்டுவதை நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டேன்.

ஆர்.டி.ஐ. (தகவல் உரிமை மனு) நாங்கள் போடலாமா?

14. மன்னார்க்காடு_மேடு

குடிமகனாக இருந்தால் எங்கே இருந்தாலும் போடலாம். 2005 சட்டத்தில் குடிமக்களுக்குத்தான் உரிமை, ஓ.சி.ஐ.க்கு இல்லை. உங்களிடம் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் தாராளமாகப் போடுங்கள். பத்து ரூபாய்தான் கட்டணம், முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு. பெரும்பாலானவர்கள் அங்கே விட்டுவிடுவார்கள். விடாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

"ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை" என்று கேட்காதீர்கள். ஏன், எதற்கு என்றால் "இது தகவல் அல்ல" என்று திருப்பிவிடுவார்கள். நகல் கேளுங்கள். இன்ன சர்வே நம்பருக்கு தண்டப்பேர் ரெஜிஸ்டர் (நிலவரிக் கணக்கு) நகல், போக்குவரவு (பெயர் மாற்றம்) செய்த உத்தரவின் நகல், அதற்கு ஆதாரமாகக் கொடுத்த பத்திரத்தின் நகல். மூன்றே வரி. ஒரு கேஸுக்கு ஒரு மனு. அப்பா பெயரில் சர்வே நம்பர் தெரியாவிட்டால் மல்லீஸ்வரன்மலை தம்பி சொன்ன அந்தப் புதைத்த இடத்துக்கு எல்லை சொல்லி, பக்கத்துத் தோட்டத்து நம்பரிலிருந்து பிடித்து வரலாம். கஷ்டம், ஆனால் முடியும்.

முக்கியமாக, நிலத்தை இழந்த குடும்பத்தைக் கேட்காமல் யாரும் ஆர்.டி.ஐ. போடாதீர்கள். மனு போன அன்றைக்கே எதிர்த்தரப்புக்குச் செய்தி போய்விடும். வேலி இரவோடு இரவாகப் பத்தடி நகர்ந்ததைப் பார்த்தவன் நான்.

15. பவானிக்கரை

வன உரிமைச் சட்டம் 2006 இருக்கிறதே, அதைக் கேட்டால் ஆகாதா?

16. மன்னார்க்காடு_மேடு

அது வன நிலத்துக்கு. 2005 டிசம்பர் 13க்கு முன்னால் காட்டில் இருந்து உழுதவர்களுக்கு ஊர்க்கூட்டம் வழியாக உரிமை கிடைக்கும். புதூர்ப் பக்கம் குறும்பர் ஊர்களுக்கு அதுதான் வழி. இங்கே நாம் பேசுவது வருவாய் நிலம். இரண்டையும் குழப்பித்தான் பல மனுக்கள் குப்பைக்குப் போயின.

17. தோஹா_டீக்கடை

2010இல் நல்லசிங்காப் பக்கம் காற்றாலை நிலத்தில் புகார் கிளம்பியபோதும் இப்படித்தான். டிவியில் ஒரு மாதம் காற்றாடி சுற்றியது. நாங்களும் இங்கே கூட்டம் போட்டுத் தீர்மானம் எழுதினோம். தீர்மானம் அனுப்பிய கவர் என் பையிலேயே ஆறு மாதம் இருந்தது, தபால் தலை ஒட்ட மறந்துவிட்டேன். யாரும் விசாரிக்கவில்லை. அவ்வளவுதான் எங்கள் போராட்டம்.

18. டாலஸ்_ஆனைகட்டி

ஒரு வாரம் இந்தப் பக்கம் வரவில்லை, மன்னிக்கவும்.

குழுவில் நேற்று பேசினோம். மனு வேண்டாம் என்று முடிவு. ஒன்பது பேர் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள். "நாங்கள் ஏதாவது பெரிதாகச் செய்யத்தான் வந்தோம்" என்றார் ஒருவர். இந்தியப் பாஸ்போர்ட் இருக்கிற பதினோரு பேர் மட்டும், ஒவ்வொருவரும் ஒரு குடும்பத்தின் கேஸை எடுத்துக்கொண்டு, வாய்தா தேதி பார்ப்பது, ஆர்.டி.ஐ. பதில் தொடர்வது, மலையாளத்தில் வரும் தாளைப் படித்துச் சொல்வது என்று ஆரம்பிக்கிறோம். எந்தக் குடும்பம் என்பதை ஊர்க்கூட்டம்தான் சொல்ல வேண்டும். இங்கே ராத்திரி என்றால் அங்கே ஆபீஸ் நேரம், போன் போட வசதிதான்.

இன்னொரு விஷயம். அக்கா இரண்டாவது பதிவில் கேட்டது உறுத்திக்கொண்டே இருந்தது. ஊரில் மாமாவிடம் தாத்தா தோட்டத்துப் பத்திரத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். "அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு நிகுதி ரசீது கேட்கிறாயே, விற்கப்போகிறாயா" என்று கத்தினார். கடைசியில் அனுப்பினார். மூன்றரை ஏக்கர். ஐம்பது ரூபாய் முத்திரைத்தாளில் ஒரு ஒப்பந்தம், கீழே கைநாட்டு. தேதி 1983. மேடு சார் சொன்ன கணக்குப்படி ஐந்து ஏக்கருக்குள், 1986க்கு முன்னால். சட்டப்படி நாங்கள் வைத்துக்கொள்ளலாம், இல்லையா?

19. மன்னார்க்காடு_மேடு

முன்பக்கம் மட்டும்தான் அனுப்பியிருக்கிறாரா?

20. டாலஸ்_ஆனைகட்டி

ஆமாம். பின்பக்கமும் கேட்கிறேன்.

21. கோட்டத்தரைக்காரி

தம்பி, நாலு நாள் ஆச்சு.

22. டாலஸ்_ஆனைகட்டி

வந்தது, அக்கா. மாமா அனுப்பவில்லை. சித்தி மகளிடம் சொல்லி, மாமா தோட்டத்துக்குப் போன நேரத்தில் எடுக்க வைத்தேன். வெண்டர் சீல் தெளிவாக இருக்கிறது. விற்ற தேதி 1989.

23. மன்னார்க்காடு_மேடு

சரி. அந்தப் போட்டோவை இங்கே பொதுவில் போடாதீர்கள்.

24. மல்லீஸ்வரன்மலை

அண்ணா, கைநாட்டுக்குப் பக்கத்தில் பெயர் எழுதியிருக்குமே. அதையும் சர்வே நம்பரையும் எனக்குத் தனிமடலில் அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை மூப்பனைப் பார்க்கப் போகிறேன்.

25. டாலஸ்_ஆனைகட்டி

அனுப்பிவிட்டேன். மாமா இப்போது என் போனை எடுப்பதில்லை.